குறும்படத்துக்கு 12ஆ, 15ஆ?

மாணவர்கள் எடுக்கும் குறும்படத்துக்கு வயது வரம்பு போடுவது பெரும்பாலும் கடைசி வேலையாகத்தான் வருகிறது. எடிட்டிங் முடிந்து போஸ்டர் அடிக்கப் போகும்போதுதான் மூலையில் ஒரு இலக்கம் வேண்டும் என்ற ஞாபகம் வரும். ஒருவர் 15 என்பார், இன்னொருவர் 18 என்பார். என்னைக் கேட்டால், அந்த இலக்கத்தைக் கதை எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் கமெராவை எங்கே வைப்பது, எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரியும்.

திருகோணமலையில் நான் உதவிக்கொண்டிருக்கும் ஒரு படத்தை வைத்தே பேசுகிறேன். உயர்தரத்தில் ஊடகக் கற்கை படித்த சில பிள்ளைகள் சேர்ந்து எடுக்கிறார்கள். கால் மணி நேரத்துக்குள் முடியும். கடற்கரை வாடியில் வளரும் 13 வயதுப் பையன் ஒருவனின் கதை. தகப்பன் கரைவலை இழுப்பவர், குடிப்பழக்கம் உள்ளவர். மாமன் இரவில் கடலுக்குப் போய் வெடி போட்டு மீன் பிடிப்பவர். பள்ளிக்கூடம் போவதைவிட மாமனோடு போனால் கையில் காசு புரளும் என்று பையன் நினைக்கிறான். ஒரு இரவு வெடி வள்ளத்திலேயே வெடித்துவிடுகிறது. மாமன் ஒரு கையை இழக்கிறார். பையன் தண்ணீருக்குள் விழுந்து தப்பி வருகிறான்.

வெடி மீன்பிடி எங்கள் கரையோரத்துக்குப் புதிதில்லை. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் அதைத் தடை செய்கிறது. ஆனாலும் நடக்கிறது. வெடியின் அதிர்ச்சியில் மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை கிழிந்துவிடும். செத்த மீனில் பெரும் பங்கு மிதக்காமல் அடியில் போய்க் கிடக்கும். குஞ்சு, பெரிது என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாம் அழியும், பவளப்பாறையும் நொறுங்கும். நிலாவெளிக் கரைக்கு அருகிலுள்ள புறாத் தீவை 2003 இல் தேசியப் பூங்காவாக்கியது எந்தப் பாறைகளைக் காப்பாற்றவோ, அதே வகைப் பாறைகள்தான் மற்ற இடங்களில் இப்படிப் போகின்றன. அதனால்தான் இந்தக் கதையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சரி, இதில் என்னென்ன இருக்கிறது? வெடி, இரத்தம், குடி, தூசணம், தகப்பன் மகனை அடிப்பது, கடலில் மூழ்குவது. குழுவுக்குள் இரண்டு கட்சி. பாடசாலைகளில் எல்லா வகுப்புக்கும் போடலாம், அதனால் பிஜி, அதாவது பெற்றோர் வழிகாட்டலோடு எல்லோரும் பார்க்கலாம், என்கிறது ஒன்று. "15 எண்டு போட்டால்தான் சேர், பெரியாக்கள் இதை ஒரு படமா மதிப்பாங்க" என்கிறது மற்றது. இரண்டுமே காரணம் இல்லாத வாதங்கள் அல்ல.

முதலில் எந்த நாட்டு அளவுகோலை வைத்துப் பார்ப்பது என்று தீர்க்க வேண்டும்.

இலங்கையில் தணிக்கை சபை என்று சனம் சொல்லும் அமைப்பு, 1912 ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைகள் கட்டளைச் சட்டத்தின் வழியில் வந்தது. மண்டபம் எடுத்துப் பொதுமக்களைக் கூட்டிப் படம் காட்டுவதானால் இங்கே பொருந்துவது இந்தச் சட்டம்தான். அனுமதி விடயத்தைத் திகதி குறிக்கும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பார்வையாளர் மனதில் இந்த முறையிலிருந்து பதிந்திருப்பது ஒரே பிரிவுதான்: வயது வந்தவர்களுக்கு மட்டும். ஒரு 13 வயதுக்காரனுக்கும் 16 வயதுக்காரிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை யோசிக்க அது உதவாது.

இந்தியச் சான்றிதழ் எங்களுக்கு நல்ல பழக்கம். தமிழ்நாட்டுப் படம் தொடங்கும்போது வரும் அந்தக் காகிதத்தைப் பார்க்காத ஆளில்லை. யு என்றால் எல்லோருக்கும், ஏ என்றால் 18 வயதுக்கு மேல். நடுவில் இருந்த யு/ஏ மிகவும் அகலமான ஒரு பெட்டி. சின்னச் சண்டை உள்ள குடும்பப் படமும் அதற்குள் வரும், தலை வெட்டும் படமும் வரும். 2023 இல் சட்டத்தைத் திருத்தி அதை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல மாற்றம். இருந்தாலும் யு/ஏ என்பது பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கைதான், வாசலில் யாரையும் மறிக்காது.

அமெரிக்க முறையில் பிஜி-13 என்ற படி 1984 இல் வந்தது. பிஜிக்கும், 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவரோடுதான் பார்க்கலாம் என்ற ஆர்-க்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்ததால் வந்த படி அது. அங்கே கெட்ட வார்த்தையை எண்ணிப் பார்க்கும் வழக்கம் பலமானது. குறிப்பிட்ட ஓர் ஆங்கிலச் சொல் ஒரு முறைக்கு மேல் வந்தால் படம் பெரும்பாலும் ஆர் ஆகிவிடும். தமிழில் எடுக்கும் படத்துக்கு இந்தக் கணக்கு பிரயோசனப்படாது.

நான் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பது பிரித்தானியத் திரைப்பட வகைப்படுத்தல் சபையின் வழிகாட்டியை. அந்தச் சபையும் 1912 இல் தொடங்கியதுதான். யு, பிஜி, 12ஏ, 15, 18 என்று படிகள். 12ஏ என்பது 12 என்ற படியின் திரையரங்கு வடிவம், 2002 இல் வந்தது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் ஒருவரோடு வந்தால் பார்க்கலாம். வன்முறை, பயம், மொழி, போதை, பிள்ளைகள் பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்தான செயல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு படியிலும் என்ன ஏற்கப்படும் என்று விளக்கி எழுதி, யாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடம் கருத்துக் கேட்டுப் புதுப்பிக்கிறார்கள். கடைசியாக 2024 இல் புதுப்பித்தார்கள். இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். சபை ஒரு படி கொடுத்தாலும், தன் பகுதித் திரையரங்கில் அதை மாற்றும் அதிகாரம் அங்குள்ள உள்ளூராட்சி மன்றத்துக்கு உண்டு. ஊருக்கு ஊர் மனம் வேறுபடும் என்பதை அந்த முறையே ஒப்புக்கொள்கிறது. நாங்களும் அப்படித்தான் பாவிக்க வேண்டும். அளவுகோலை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம், முடிவை இங்கே எடுப்போம்.

யு பற்றி நீட்ட வேண்டியதில்லை. நான்கு வயதுப் பிள்ளையும் பார்க்கக்கூடியதாக, பயம் வந்தாலும் உடனே ஆறுதல் வருவதாக இருக்க வேண்டும். கை போகும் கதைக்கு அது இல்லை. 18உம் இல்லை. படம் எடுக்கும் பிள்ளைகளிலேயே சிலர் இன்னும் 18 ஆகாதவர்கள்.

பிஜி கட்சிக்காரரின் ஆசை எனக்குப் புரிகிறது. பிஜி என்றால் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் மனதைக் குழப்பாத படம். எங்கள் படத்தை அப்படி ஆக்க முடியுமா? முடியும். வெடிச் சத்தத்தைத் தூரத்தில் கேட்க வைத்து, தகப்பனின் குடியை ஒரு காலிப் போத்தலோடு நிறுத்தி, மாமனின் கையைக் காட்டாமலே விட்டால் ஆகலாம். ஆனால் பயங்கரக் காட்சி நீளக்கூடாது, அழுத்தமாக இருக்கக்கூடாது என்பது பிஜியின் விதி. இந்தப் படத்தின் உயிரே பையன் தண்ணீருக்குள் தத்தளிக்கும் அந்த ஒரு நிமிடம்தான். அதைப் பத்து வினாடியாக வெட்டினால் வெடி மீன்பிடி ஒரு சின்ன விபத்துப் போல ஆகிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்காக உண்மையைக் குறைத்துவிட்டு, கடலுக்குப் போகும் வயதில் இருக்கிறவனுக்குப் பொய்யான படம் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

15 கட்சியின் வாதம் இதைவிடப் பலமானது. 15இல் கடும் வன்முறைக்கும் கடும் சொற்களுக்கும் இடம் உண்டு. வலியையும் காயத்தையும் நின்று ரசித்துக் காட்டக்கூடாது என்ற எல்லை மட்டும் இருக்கிறது. மாமனின் மணிக்கட்டைக் காட்டலாம், வாடிக்குள் உண்மையில் பேசும் தூசணத்தை அப்படியே வைக்கலாம். நடிப்பவர்களுக்கும் இயல்பாக வரும். கதை மாமனுடையதாக இருந்திருந்தால் நானும் 15 என்றே சொல்லியிருப்பேன். ஒரு கையோடு வலை இழுக்க முடியாமல், வீட்டில் மதிப்பிழந்து, சாவைப் பற்றி யோசிக்கும் மனிதனின் கதையை 12 வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது. அதை மெதுப்படுத்தி எடுக்கவும் கூடாது.

ஆனால் இது 13 வயதுப் பையனின் கண்ணால் போகும் கதை. எங்கள் கரையோர ஊர்களில் பெடியள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போகத் தொடங்குவது எந்த வயதில் என்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். தரம் 8, 9, 10 என்பார்கள். 16 வயது வரை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, இருந்தும் வகுப்பில் கதிரைகள் வெறுமையாகின்றன. 15 என்று போட்டால் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய பிள்ளை அனுமதி கிடைக்கும் முன்பே வள்ளத்தில் ஏறியிருப்பான். எனக்கு இதற்கு மேல் வேறு காரணம் தேவைப்படவில்லை. 12ஏ.

இலக்கத்தை முடிவு செய்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு காட்சியையும் அந்த 12ஐ மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மிக முக்கியமானது வெடி தயாரிக்கும் காட்சி. முதல் திரைக்கதையில் மாமன் வெடியைத் தயார்படுத்துவதைப் பையன் பக்கத்தில் இருந்து பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். கையின் நெருக்கமான ஷொட்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரித்தானிய வழிகாட்டி இரத்தத்தைவிட இந்த மாதிரி விடயத்தைக் கடுமையாகப் பார்க்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளைகள் பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்தான செயலுக்கு 12இல் ஊக்கம் கொடுக்கும் எதுவும் இருக்கக்கூடாது. 15இல்கூட, அதேபோலச் செய்ய உதவும் விவரத்தில் கமெரா நிற்கக்கூடாது. ஆகவே இந்தக் காட்சியை எந்த இலக்கமும் காப்பாற்றாது. எடுத்துவிடச் சொன்னேன். இப்போது மாமன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறார், பையனின் முகம் மட்டும் தெரிகிறது. அவன் கண்ணில் தெரியும் ஆசைதான் கதைக்குத் தேவை.

அடுத்தது வெடிக்கும் கணம். 12இல் மிதமான வன்முறை இருக்கலாம், காயத்தையும் இரத்தத்தையும் அழுத்திக் காட்டக்கூடாது. கதைக்கு அவசியமென்றால் எப்போதாவது ஒரு கோரக் கணம் ஏற்கப்படும். ஆகவே காயம் தெரிகிறதா என்பதோடு, எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கமாக, எந்தச் சத்தத்தோடு தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே காயம் அரை வினாடி தூரத்தில் தெரிந்தால் 12, மூன்று வினாடி நெருக்கத்தில் முனகலோடு தெரிந்தால் 15. நாங்கள் எடுத்துக்கொண்ட வழி: வெளிச்சம், வள்ளம் சாயும் ஷொட், உடனே தண்ணீருக்குள். கை போனது விடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் கட்டைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். காசு குறைந்த குழுவுக்கு இது இன்னொரு வகையிலும் நல்லது. மலிவான ஒப்பனை இரத்தம் நெருக்கமான ஷொட்டில் பல்லிளித்துவிடும்.

தூசணம் பற்றி இரண்டு நாள் வாக்குவாதம். 12இல் கடுமையான சொல் எப்போதாவது வரலாம், யார் யாரிடம் எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து. எங்கள் தூசணத்தில் பாதி தாயை இழுப்பது. குடித்த தகப்பன் மகனைப் பார்த்து அதைச் சொல்லும்போது அது அடியைவிடப் பலமாக விழும். பிரித்தானிய அட்டவணை அதை எந்த வரிசையில் போடும் என்பது எனக்கு முக்கியமில்லை. எங்கள் பாடசாலை மண்டபத்தில் அந்த ஒரு சொல்லோடு படம் நின்றுவிடும், அதிபர் எழுந்துவிடுவார், மிச்சத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். "பீப்" சத்தமும் வேண்டாம், அது சொல்லை இன்னும் பெரிதாக்கும். தகப்பன் வாசலுக்கு வெளியே நிற்கட்டும், காற்றிலும் அலைச் சத்தத்திலும் பாதிச் சொல் அமிழட்டும். தமிழ் தெரிந்த எவருக்கும் மிச்சம் விளங்கும்.

அடிக்கும் காட்சியில் நான் மறுபக்கம் நின்றேன். பிள்ளைகள் அதை முழுதாக எடுத்துவிட நினைத்தார்கள். ஒரு அறை இருக்கட்டும், அதன் பிறகு பையன் சாப்பிடாமல் இருப்பதும் தாய் கோப்பையை மூடி வைப்பதும் வரட்டும் என்றேன். வீட்டுக்குள் அடி வாங்கும் பிள்ளைகளும் பார்வையாளரில் இருப்பார்கள். விளைவைக் காட்டாமல் அடியை மட்டும் காட்டுவது தப்பு, அடியே நடக்காதது போலக் காட்டுவதும் தப்பு.

சிகரெட், கசிப்பு பற்றிச் சுருக்கமாக. புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் தொலைக்காட்சிகளில் புகைக்கும் காட்சியை மங்கலாக்குவதைப் பார்க்கிறீர்கள். மங்கலாக்கிய படம் அசிங்கமாக இருக்கும். தகப்பனின் குடி கதைக்குத் தேவை, சிகரெட் தேவையில்லை, எடுத்தாயிற்று. பையன் கையில் இரண்டுமே போகக்கூடாது.

எந்த நாட்டு அட்டவணையிலும் இல்லாத ஒரு விடயம் இருக்கிறது. வயதுப் படிகள் எல்லாம் பிள்ளைகளை நினைத்துச் செய்யப்பட்டவை. எங்கள் மண்டபத்தில் தாய் தகப்பன்மாரும் அம்மம்மாமாரும் இருப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எடுத்துக்கொண்டு போனவர்களின் வீட்டுக்காரர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் இருக்கிறார்கள். படம் எடுக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். தண்ணீருக்குள் ஒரு நிமிடம் என்பது அவர்களுக்கு ஒரு நல்ல ஷொட். முன்வரிசையில் இருக்கும் ஒரு தாய்க்கு அது வேறு. திடீர் வெடிச் சத்தமும் அப்படியே. போர்க்காலத்தில் இந்த மாவட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. 45 வயதுப் பெண்ணுக்கு 12 என்ற இலக்கம் எதையும் சொல்லாது. அதனால் இலக்கத்தின் கீழே ஒரு வரி வேண்டும்: படத்தில் என்ன வருகிறது என்று. பிரித்தானிய சபையும் ஒவ்வொரு படத்தோடும் இப்படி ஒரு சின்ன வரியைக் கொடுக்கிறது. எங்கள் ஊருக்கு இலக்கத்தைவிட அந்த வரியே முக்கியம் என்று நினைக்கிறேன். அதோடு, வெடிச் சத்தத்தின் உச்சத்தை ஒலிக்கலவையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். அதிர்ச்சிக்காகவே சத்தத்தை ஏற்றுவது இங்கே கொடுமை.

எல்லைக்கோட்டில் நிற்கும் காட்சி வந்தால் என்ன செய்வது? குழுவுக்கு வெளியே இருக்கும் சிலருக்குப் போட்டுக் காட்டுங்கள். தரம் 8க்குப் படிப்பிக்கும் ஒரு மிஸ், அந்த வயதுப் பிள்ளையின் தாய், கடலுக்குப் போகும் ஒரு அண்ணா. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் அண்ணாமார், அக்காமார் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். முகத்தைத் திருப்பும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறமும் முடிவு வராவிட்டால் ஒரு படி மேலே போடுவதா, காட்சியை வெட்டுவதா என்று தெரிவு செய்ய வேண்டும். சந்தேகத்தோடு கீழ்ப்படியைப் போடாதீர்கள். ஒரு பிள்ளை பயந்து வீட்டுக்குப் போனால் அடுத்த படத்துக்கு அந்தப் பாடசாலை கதவு திறக்காது.

பிறகு யூடியூப். அங்கே 12, 15 எல்லாம் கிடையாது. பதிவேற்றும்போது சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டதா என்ற கேள்விக்கு இல்லை என்று போடுங்கள், இது சிறுவர் படம் அல்ல. அதற்கு மேல் இருப்பது 18 வயதுக் கட்டுப்பாடு ஒன்றுதான். அதைப் போட்டால் கணக்குக்குள் நுழையாதவர்களால் பார்க்க முடியாது. வட்ஸ்அப்பில் வரும் லிங்கை அழுத்திப் பார்க்கும் எங்கள் சனத்தில் பலரை அதோடு இழந்துவிடுவோம். 15 எடுத்த குழு என்றால் இந்த இடத்தில் உண்மையாகவே தடுமாறியிருக்கும். 12 என்பதால் கட்டுப்பாடு இல்லாமல் போட்டு, வயதையும் அந்த ஒரு வரியையும் விவரணையின் முதல் வரியாக எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பிரித்தானிய சபையின் வட்ட முத்திரையையோ இந்தியச் சான்றிதழையோ இணையத்தில் எடுத்து ஒட்டாதீர்கள். அந்த முத்திரைகள் அவர்களுக்குச் சொந்தமானவை, அவர்கள் பார்த்துக் கட்டணம் வாங்கிக் கொடுப்பவை. நாங்கள் போடுவது எங்கள் பரிந்துரை மட்டும்தான், அதை அப்படியே எழுத வேண்டும். எங்கள் படத்தின் தொடக்கத்தில், கறுப்புத் திரையில், ஆறுதலாக வாசிக்கும் அளவு நேரம் நிற்கப்போவது இது: "இந்தப் படம் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு எனக் குழுவினர் பரிந்துரைக்கிறோம். 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடு பார்க்கவும். வெடிச் சத்தம், கடலில் மூழ்கும் காட்சி, வீட்டில் பிள்ளையை அடிக்கும் காட்சி உண்டு." போஸ்டரிலும் இதே வார்த்தைகள், இலக்கத்துக்குப் பக்கத்தில், வாசிக்கக்கூடிய எழுத்தில்.